உடைஞ்ச கல்ல எந்தாண்ட கொட்னான்?

எட்வர்ட் பர்டின்ஸ்கியின் குவாரிப் படங்களை முன்வைத்து

கொட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரமாக ஒரு தடிப் புத்தகம் கிடக்கிறது. டொரோண்டோவில் இருக்கும் நண்பன் ஊருக்கு வந்தபோது பெட்டியில் வைத்துத் தூக்கி வந்தது. கனடாவின் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் பர்டின்ஸ்கியின் ‘குவாரீஸ்’. ஸ்டைடல் பதிப்பகம் 2007இல் வெளியிட்டது. அலமாரியில் நிற்காத அகலம் என்பதால் மேசையிலேயே தங்கிவிட்டது. சாம்பார் தெறிக்காமல் அதைக் காப்பாற்றுவது தனி வேலை.

போன வாரம் ஆயா வந்திருந்தாள். அப்பாவைப் பெற்றவள். கீழ்க்கட்டளையில் சித்தப்பா வீட்டில் இருக்கிறாள், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் திரிசூலம் பக்கத்துக் குவாரிகளில் ஜல்லி உடைத்தவள். அப்பா பள்ளிக்கூடம் போனதும், பிறகு நான் இன்ஜினியரிங் படித்ததும் அந்த ஜல்லிக் கணக்கில்தான் வரும். இந்தப் புத்தகத்தை அவளிடம் காட்டலாமா கூடாதா என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அவளே புரட்டிவிட்டாள்.

திறந்தது இத்தாலியின் கர்ரரா பளிங்குக் குவாரி. பக்கம் முழுக்க வெள்ளைப் பாறைச் சுவர், படிப்படியாக வெட்டிய மலை.

“இன்னாடா இது, கோயிலா?”

“இல்ல ஆயா, குவாரி. இத்தாலில. மார்பிள் எடுக்கிற இடம்.”

கண்ணாடியைப் புடவை முந்தியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்துக்கு மேல் குனிந்தாள். ரொம்ப நேரம் பேச்சில்லை. “அழகா வெட்டிக்கிறான்” என்றாள் முதலில். அப்புறம் வரிசையாக மூன்று கேள்விகள். “உடைஞ்ச கல்லெல்லாம் எந்தாண்ட கொட்னான்? ஆளுங்க எப்பிடி எறங்கி ஏறுவாங்க? படம் புடிச்சவன் எங்க நின்னுகினு இருந்தான்?”

பர்டின்ஸ்கியைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். ‘உன்னதம்’, ‘மானுட யுகம்’ என்று பெரிய வார்த்தைகள் நிறைய வரும். ஆயா கேட்ட மூன்றும் அவற்றைவிட எனக்கு உபயோகமாக இருந்தன. அந்தக் கேள்விகளை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

*

முதலில் ஆளைப் பற்றி. பர்டின்ஸ்கி 1955இல் கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் நகரில் பிறந்தவர். உக்ரைனிலிருந்து குடியேறிய குடும்பம். அப்பா ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைத் தொழிலாளி. குவாரிகளை 1991இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பேரி என்ற ஊரின் கிரானைட் குழிகளில் ஆரம்பித்தார். 1993இல் கர்ரரா, 2000இல் ராஜஸ்தானின் மக்ரானா, பிறகு போர்ச்சுக்கல். அவரைக் குவாரிக்குக் கொண்டுபோன எண்ணம் ரொம்ப எளிமையானது. நகரத்தில் இவ்வளவு உயரக் கட்டடங்கள் நிற்கிறதென்றால், அந்தக் கல் எடுத்த இடத்தில் அதே அளவுக்குக் குழி இருக்கணுமே! கட்டடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி ஒரு பள்ளம். அதைத் தேடிப் போனார்.

அந்தப் படங்களின் கலை பெரும்பாலும் தவிர்ப்பதில் இருக்கிறது. முக்காலியில் நிற்கும் பெரிய கேமரா, உள்ளங்கை அளவுக்கும் மேலான ஃபிலிம் தகடு, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு தகடு. உச்சி வெயிலின் கறுப்பு நிழல் விழாத, பரவலான வெளிச்சம். பல படங்களில் வானமே கிடையாது, அடிவானக் கோடும் இல்லை. அதனால் எது மேல், எது கீழ், எவ்வளவு பெரிசு என்று கண்ணுக்குப் பிடி கிடைக்காது. முதல் பார்வைக்கு அது சாம்பலும் வெள்ளையுமான ஓர் அரூப ஓவியம். அப்புறம் ஓரத்தில் ஒரு பொம்மை தெரியும். உற்றுப் பார்த்தால் அது நிஜ எந்திரம். அந்த நொடியில் வயிற்றுக்குள் ஒரு பள்ளம் திறக்கும். அவருடைய குவாரிப் படங்கள் நம்மேல் வேலை செய்வது இந்த ஒரு நொடியில்தான்.

என் வேலை வரைபடச் செயலி ஒன்றில். பெரிய படத்தைச் சதுரச் சதுரமாக வெட்டி, நீங்கள் விரலால் விரிக்கும்போது தேவையான துண்டை மட்டும் அனுப்புவது. அந்தத் துண்டுக்கு எங்கள் தொழிலிலும் ‘டைல்’ என்றுதான் பெயர். இதில் ஒரு விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. தூரத்திலிருந்து பார்க்கும்போது சந்துகள் மறையும், குட்டைகள் மறையும், கடைசியில் நெடுஞ்சாலை மட்டும் மிஞ்சும். அது தானாக நடப்பதில்லை. எந்தத் தூரத்தில் எது மறையணும் என்று எங்களில் ஒருவர் உட்கார்ந்து விதி எழுதியிருப்போம். பர்டின்ஸ்கி நிற்கும் தூரமும் அப்படிப்பட்ட ஒரு விதி. அந்தத் தூரத்தில் சுவர் தெரியும், படிக்கட்டு தெரியும், எந்திரம் தெரியும். மனிதர் தெரிந்தாலும் அளவுகோலாகத் தெரிவார். முகம் வராது.

*

இந்த வகைப் படங்கள் மீது ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு: அழிவை அழகாக்குகிறார்கள் என்று. செபாஸ்டியோ சல்காடோ 1986இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த படங்களை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். சேறு அப்பிய ஆயிரக்கணக்கான ஆட்கள் மூட்டையோடு ஏணியில் ஏறும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவர் படங்களைச் சுற்றி இந்தச் சண்டை பல வருடம் நடந்தது. சூசன் சாண்டாக் 2003இல் வெளியான தன் நூலில் சல்காடோவின் அகதிப் படங்களைப் பற்றிப் பேசும்போது அழகைவிட முக்கியமான இடத்தில் கை வைத்தார். படக்குறிப்பில் அந்த மனிதர்களுக்குப் பெயர் இல்லை என்பதுதான் அவருடைய புகார்.

அழகு பற்றிய குற்றச்சாட்டை ஆயாவின் முதல் வாக்கியம் எனக்குக் கலைத்துவிட்டது. குவாரியில் உடம்பைக் கரைத்தவள் அந்தச் சுவரைப் பார்த்து அழகு என்றுதான் சொன்னாள். அவள் பாராட்டியது வெட்டை. கர்ரராவின் அந்த நேர்க்கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு கம்பி போன தடம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த முறுக்குக் கம்பி, மணலும் தண்ணீரும் சேர்ந்து பாறையைத் தேய்த்தே அறுத்தது. பிறகு வைரத்தூள் பதித்த மணிகள் கோத்த கம்பி வந்தது. வெடி வைத்தால் பளிங்கு உள்ளுக்குள் விரிசல் விட்டுப் பாழாகும், அதனால் அறுக்கிறார்கள். திரிசூலத்தில் வெடி வைத்துப் பெயர்த்த கல்லைச் சம்மட்டியால் உடைத்த ஒருத்திக்கு, மலையை வெண்ணெய் மாதிரி அறுத்திருப்பது அதிசயமாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? தொழில் தெரிந்தவரின் ரசனை அது. ‘அழகாக்குகிறார்’ என்று திட்டும் நமக்குத்தான் அந்த வெட்டு தெரிவதில்லை.

அழகுக்கு அப்புறம் அவள் நிறுத்தவில்லை, கேள்விக்குப் போனாள் என்பதுதான் விஷயம். பர்டின்ஸ்கியின் படங்களில் விவரம் அவ்வளவு இருப்பதால் அப்படிக் கேட்க முடிகிறது. அது அவருடைய பலம். பதில் எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை என்று பார்ப்போம்.

*

உடைந்த கல் எங்கே போனது? கர்ரராவில் மலையிலிருந்து பெயர்ப்பதில் பெரும்பகுதி சிலையாகவோ தரையாகவோ ஆவதில்லை. நொறுங்கியதைச் சரிவில் தள்ளித் தள்ளி அந்த மலைகளில் வெள்ளைத் தாரைகள் வழிகின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பனி என்று நினைப்பார்கள். இன்றைக்கு அந்தத் துண்டுகளையும் அள்ளி அரைத்துக் கால்சியம் கார்பனேட் தூளாக்குகிறார்கள். காகிதத்துக்கும், பெயின்ட்டுக்கும், பல் துலக்கும் பேஸ்ட்டுக்கும் போகிறது. மைக்கேலாஞ்சலோ கல் தேர்ந்தெடுத்த மலை இப்போது வாய் கொப்பளித்துத் துப்பப்படுகிறது. பர்டின்ஸ்கியின் தொகுப்பில் இடிபாடே இல்லை என்று சொல்ல முடியாது. கைவிடப்பட்ட குழிகளை எடுத்த படங்களில் வருகிறது. ஆனால் பேர் வாங்கிய படங்களில் சுவர்தான் நாயகன். கழிவு சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது.

படம் பிடித்தவன் எங்கே நின்றான்? பெரும்பாலும் எதிர்ச் சுவரின் விளிம்பில், கண் மட்டத்திலிருந்து கீழே பார்க்கும் இடத்தில். ஆயா இதற்குத் தானே பதில் சொன்னாள். “மேல நின்னு பாக்கறவன் மேஸ்திரி. கீழ நாங்க பாத்தா வானம்தான் தெரியும். திரி வெச்சுட்டாங்கன்னா அதுவும் தெரியாது, ஓடணும்.” பர்டின்ஸ்கியின் படங்களில் வானம் இல்லாமல் போனதற்கு அரூப ஓவியத்தோடு சேர்த்து இதுவும் ஒரு காரணம் என்று நான் யோசித்ததே இல்லை. வானம் கீழே நிற்பவருக்கு உரியது.

ஆட்கள் எப்படி ஏறி இறங்குவார்கள்? இந்தக் கேள்விக்குள் உடம்பு இருக்கிறது. பேரி கிரானைட் குவாரிக்குக் கல் கொத்தப் போனவர்களில் கர்ரராவிலிருந்து கப்பல் ஏறியவர்கள் நிறையப் பேர். பளிங்குத் தூசி பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. கிரானைட் தூசியில் சிலிக்கா. மூடிய பட்டறையில் காற்று உளி வைத்துக் கொத்தியபோது அந்தத் தூசி நுரையீரலில் படிந்து, ஏராளமானோர் சிலிக்கோசிஸில் செத்தார்கள். 1895இல் தொடங்கிய அந்த ஊரின் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் சிற்பங்கள் பலவும் அவர்கள் கொத்தியவை. தன் கல்லறைக் கல்லைத் தானே செதுக்கிவிட்டுப் போனவர்களும் உண்டு. பர்டின்ஸ்கி 1991இல் எடுத்த பேரி படத்தில் ஈரமும் துருவும் வழியும் செங்குத்துச் சுவர் அற்புதமாக இருக்கிறது. அந்தக் குழி ஒரு ஊரின் கல்லறைத் தோட்டமாக வேறிடத்தில் நிற்கிறது என்பது படத்துக்குள் இல்லை. எல்லாவற்றையும் ஒரு படம் சொல்லணும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கட்டடத்துக்கு இணையான குழி எங்கே என்று கேட்டுத் தொடங்கியவர் அவர். அந்தக் கணக்கில் இதுவும் ஒரு வரவு.

*

மக்ரானாவுக்கு வந்ததும் இந்தப் புத்தகம் மாறுகிறது. விமர்சகர்கள் கர்ரராவைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு மக்ரானா படங்கள் மேலானவை.

2023 வரை நாகௌர் மாவட்டத்தில் இருந்த மக்ரானா, தாஜ்மகாலுக்குக் கல் கொடுத்த ஊர். கல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கும் அங்கிருந்துதான் போனது. உலகப் பாரம்பரியக் கற்களின் பட்டியலில் 2019இல் சேர்க்கப்பட்டது. நிலத்துக்கடியில் பளிங்கு செங்குத்தான அடுக்குகளாக இறங்குவதால், குழிகளும் குறுகலாக, கிணறு மாதிரி ஆழமாகப் போகின்றன. கர்ரராவில் மலை திறந்து கிடக்கிறது. மக்ரானாவில் பூமி பிளந்து கிடக்கிறது. அடுத்தடுத்துச் சின்னச் சின்ன உரிமைகள், ஆளுக்கொரு பள்ளம்.

இதனால் பர்டின்ஸ்கியின் விதி இங்கே சரியாக வேலை செய்யவில்லை. பின்னால் போய் நிற்கத் தூரம் இல்லை. சுவர்களும் நேராக இல்லை. கையால் வெட்டியதும் எந்திரம் வெட்டியதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அடியில் இருக்கும் மனிதர்கள் வெறும் அளவுகோலாக இருக்க மறுக்கிறார்கள். முகம் இன்னும் தெரியவில்லைதான், ஆனால் உடம்பு வேலையில் இருக்கிறது. ஒரு ஒழுங்கைத் தேடிப் போன கலைஞரின் கையை இடம் தட்டிவிடுகிறது. அந்தத் தட்டல் படத்தில் தெரிகிறது. ஆயா இந்தப் பக்கங்களில் ‘அழகு’ என்று சொல்லவே இல்லை. “இது நம்மூரு மாதிரிதான்” என்றாள். பாராட்டா, ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் படக்குறிப்பு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றே. குவாரியின் பெயர், ஒரு எண், ஊர், நாடு, வருடம். சாண்டாக்கின் புகார் இங்கே அப்படியே பொருந்தும். குழிக்கு எண் இருக்கிறது. அடியில் நிற்பவருக்கு அதுகூட இல்லை.

*

வேறு மாதிரி செய்யலாமா? செய்திருக்கிறார்கள். இத்தாலியின் யூரி அங்கரானி 2010இல் எடுத்த ‘இல் காப்போ’ கால் மணி நேரப் படம். அதே கர்ரரா. எந்திர இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால், மேஸ்திரி விரல் அசைவுகளாலேயே ராட்சத எந்திரங்களை நடத்துகிறார். ஒரு விரல் மடக்கினால் எந்திரம் ஓரங்குலம் நகரும். கச்சேரியில் தாளம் போடும் கை மாதிரி இருக்கும். பர்டின்ஸ்கிக்குக் குறையாத அழகு. ஆனால் அளவுகோல் இங்கே கை. மலைப்பாறை அந்தக் கையை ஒட்டிச் சரிந்து விழுகிறது. ஆயாவுக்கு டேப்பில் போட்டுக் காட்டினேன். “இவன் மேஸ்திரிதான், ஆனா கீழ வந்து நிக்கிறான்” என்று ஒப்புக்கொண்டாள்.

நம் பக்கத்தில் பி. சாய்நாத். 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்த படங்களால் ஆன ‘கண்ணுக்குத் தெரியும் வேலை, கண்ணுக்குத் தெரியாத பெண்கள்’ கண்காட்சியின் முதல் பகுதியே செங்கல், நிலக்கரி, கல். புதுக்கோட்டை குவாரிப் பெண்களைப் பற்றி அவர் எழுதியும் இருக்கிறார். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கமும் சைக்கிளும் பரவிய அதே புதுக்கோட்டையில் குவாரிக் குத்தகைகள் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே தரப்பட்டன. கொத்தடிமையாகக் கல் உடைத்தவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். இந்தத் தகவல் இல்லாமல் அந்தப் பெண்களின் படம் வெறும் ‘பாவம்’ என்ற பார்வைக்குள் போய்விடும். சாய்நாத் படத்துக்குப் பக்கத்திலேயே எழுத்தை வைக்கிறார். புகைப்படமாக மட்டும் பார்த்தால் அவருடைய சட்டகம் பர்டின்ஸ்கியின் பக்கத்தில் நிற்காது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. ஆனால் அவர் படத்தில் வேலை செய்பவர் பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்கிறார். கேமராவை எங்கே வைப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

எனக்குள்ள குறை என்னவென்றால், இந்த இரண்டும் சேர்ந்த ஒரு தமிழ்நாட்டுக் குவாரித் தொகுப்பை நான் பார்த்ததில்லை. விஷயத்துக்கா பஞ்சம்? மதுரை மேலூர் பக்கம் மலைகளையே கேக் மாதிரி வெட்டி எடுத்தது 2012இல் வெடித்து, உ. சகாயம் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தார். அதில் சொன்ன இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்தப் பக்கத்துக் கீழவளவில் சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஒரு மனிதன் படுக்கும் அளவுக்கு மட்டும் பாறையில் கை வைத்தார்கள். கொஞ்சம் தள்ளி அறுத்தெடுத்த செங்குத்துச் சுவர். ஒரே சட்டகத்துக்குள் இவ்வளவு கிடைக்க பர்டின்ஸ்கி கொடுத்து வைத்திருக்கணும். நமக்குக் கிடைத்தது செய்திச் சேனலின் டிரோன் காட்சிகளும், சினிமாவில் வில்லன் அடிவாங்கும் கல் குவாரியும்தான்.

சென்னைக்குள்ளேயே வாங்க. பல்லாவரத்துக் கருங்கல்லுக்குப் புவியியலில் ‘சார்னோக்கைட்’ என்று பெயர். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் 1893இல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். வெட்டின ஊர் பேர் கிடையாது, வெட்டினவன் பேர் கிடையாது. அடியில் படுத்திருப்பவர் பேர். நன்மங்கலம் காட்டின் கைவிடப்பட்ட குவாரிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீள லென்ஸோடு போகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். சுவர்ப் பொந்தில் கொம்பன் ஆந்தை. என்னிடம் ஆந்தைப் படம் பதினேழு இருக்கிறது. அந்தச் சுவரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல் குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்தப்படுத்தி நகரத்துக்குக் கொடுத்தார்கள். கட்டடமாக ஏறிய கல்லை மட்டுமில்லை, கல் போன பள்ளத்தையும் குடித்தோம். கட்டடத்துக்கு இணையான குழி எங்கே என்று பர்டின்ஸ்கி உலகம் சுற்றினார். எனக்கு அது பத்திருபது கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.

*

ஆயா குவாரியில் இருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. இருப்பது பல்லாவரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. சித்தப்பா கைக்குழந்தை, பின்னால் திரைச்சீலையில் வரைந்த அருவி. “குவாரில யாராச்சும் போட்டோ புடிச்சாங்களா ஆயா?” என்று கேட்டேன். “ஆபீசருங்க வந்தா புடிப்பாங்க. கல்லைப் புடிப்பாங்க. எங்கள அந்தாண்ட தள்ளி நிக்கச் சொல்லுவாங்க” என்றாள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று காபி கலந்துகொண்டிருந்தபோது சமையல் மேடையைத் தடவிப் பார்த்தாள். கறுப்பு கிரானைட். விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினாள்.

“இது எந்தூர்க் கல்லு?”

தெரியவில்லை. வாங்கிய பில்லைத் தேடி எடுத்தேன். அதில் ஒரு ஆங்கிலப் பெயர், பக்கத்தில் சதுர அடி, அதற்குப் பக்கத்தில் ரூபாய். கடைக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, “கிருஷ்ணகிரி சைடு சார், பிரச்சனை எதுவும் இல்லியே?” என்றார்கள். ஆயாவிடம் சொன்னேன்.

“நல்ல கல்லுதான்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அங்க பொம்பளைங்க இன்னும் ஒடைக்கிறாங்களா, இல்ல எல்லாம் மிஷினா?” என்றாள். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த மாதம் லீவு போட்டிருக்கிறேன். ஆந்தை லென்ஸ் வேண்டாம், கிட்டே போய் எடுக்கிற லென்ஸ் போதும் என்று எடுத்து வைத்திருக்கிறேன். உள்ளே விடுவார்களா தெரியாது. விட்டால் முதலில் பெயரைக் கேட்கணும், அப்புறம்தான் படம்.